கேமராவுக்கு முன்னாடி நின்ன நம்ம ஜனங்க

நெய்வேலின்னு போட்டு இணையத்துல படம் தேடிப் பாருங்க. முதல் நாலு பக்கமும் சுரங்கம்தான் வரும். சக்கரத்துல வாளி வாளியா மாட்டின ராட்சச எந்திரம், கறுப்பு அடுக்கு தெரியுற பள்ளம், புகைக்கூண்டு, ராத்திரியில விளக்கு எரியுற அனல்மின் நிலையம். இன்னும் கீழ தள்ளினா ரோட்டோரத்துல குவிச்சு வெச்ச பலாப்பழம். மனுஷங்க ரொம்பக் கம்மி. இருந்தாலும் தலையில தொப்பி போட்டுக்கிட்டு எந்திரத்துக்குப் பக்கத்துல எறும்பு மாதிரி நிப்பாங்க. அந்த எந்திரம் எவ்வளவு பெரிசுன்னு காட்ட ஒரு அளவுகோல் வேணும்ல, அதுக்காக நிக்குற ஆளுங்க அவங்க.

நம்ம பக்கத்துச் சரித்திரத்துக்குப் படமே இல்லன்னு சொல்ல முடியாது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்துல தண்ணிக்காகத் துளை போட்டப்போ கறுப்பா ஏதோ வந்துச்சு, அவர் அதை விடாம அதிகாரிகளுக்குத் தெரியப்படுத்தினார்ங்கற கதை இங்க சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1956ல் கம்பெனி பதிவாச்சு. 1957ல் பிரதமர் நேருவே வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வெச்சார். அதுக்கெல்லாம் படம் உண்டு. மாலை, மேடை, மண்வெட்டி, சுத்தி நிக்குற அதிகாரிங்க, எல்லாம் தெளிவா இருக்கும்.

ஆனா நெய்வேலிங்கறது முதல்ல ஒரு சின்ன கிராமத்தோட பேரு. அதைச் சுத்தி இன்னும் எத்தனையோ ஊர். வில்லுடையான்பட்டுன்னு ஒரு ஊர் பேரு இன்னிக்கு டவுன்ஷிப்புக்குள்ள முருகன் கோயில் பேரா நிலைச்சிருக்கு, பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுத்துக்கிட்டுப் போறோம். அந்த ஊர்ல கூரை எப்படி வேய்ஞ்சிருந்தாங்க, கொல்லையில மல்லாட்டை போட்டாங்களா கம்பு போட்டாங்களா, பொம்பளைங்க எந்தக் கிணத்துல தண்ணி சேந்தினாங்க? இதெல்லாம் பெரியவங்க வாயால கேட்டதுதான். அவங்களும் ஒவ்வொருத்தரா போய்க்கிட்டு இருக்காங்க.

எங்க வீட்டு நிலைமையும் அதுதான். டிரங்குப் பெட்டியில எங்க தாத்தாவுக்கு ஒரே ஒரு படம் இருக்கு. அது அவர் செத்தப்புறம் நாற்காலியில உட்கார வெச்சு, தாடையைச் சேர்த்துத் துணியால கட்டி, மாலை போட்டு எடுத்தது. அந்தக் காலத்துல பல வீட்டுல இதுதான் வழக்கம். உசுரோட இருந்த எழுபது வருஷத்துல ஒருநாள்கூட கேமரா அவர் பக்கம் திரும்பல. போன பிறகு ஸ்டூடியோக்காரரை சைக்கிள்ல கூட்டிக்கிட்டு வந்து எடுத்திருக்காங்க. ஏர் ஓட்டின கை ரெண்டும் மடியில கெடக்கு.

அதனால எனக்கு ஒரு கேள்வி ரொம்ப நாளா உண்டு. கேமரா நம்ம நாட்டுக்கு வந்து நூத்தி எழுபது வருஷத்துக்கு மேல ஆகுது. கிராமம் கிராமமா அதைத் தூக்கிக்கிட்டுச் சுத்தினவங்களும் இருந்திருக்காங்க. அவங்க கண்ணுக்கு நம்ம ஜனங்க எப்படித் தெரிஞ்சாங்க? போன ஐப்பசி கார்த்திகை மழையில கொல்லைக்குப் போக வழியில்லாம வீட்டுல உட்கார்ந்து போன்ல படிச்சதையும், நூலகத்துல தேடினதையும் வெச்சு இதை எழுதறேன்.

முதல்ல ஒரு வெள்ளைக்காரர். பேரு லின்னேயஸ் டிரைப். கம்பெனி சர்க்காரோட சென்னைப் பட்டாளத்துல கேப்டன். சென்னை மாகாணத்துக்கு அரசாங்கப் புகைப்படக்காரரா அவரைப் போட்டாங்க. 1857 டிசம்பர்ல பெங்களூரை விட்டுக் கிளம்பினவர் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூருன்னு சுத்தினார். வடக்க சிப்பாய்க் கலகம் நடந்துக்கிட்டு இருந்த நேரம் அது. இவர் இங்க மாட்டு வண்டியில சாமான் ஏத்திக்கிட்டுக் கோயில் கோயிலா போய்க்கிட்டு இருக்கார்.

அவர் வேலை செஞ்ச விதத்தைப் படிச்சப்போ நம்ம விவசாயத்தை விடப் பாடா இருக்கேன்னு தோணுச்சு. அப்போ ஃபிலிம் கிடையாது. காகிதத்துல மெழுகு ஏத்தி, அதுல வெள்ளி உப்பு பூசி, அதைத்தான் கேமராவுக்குள்ள வைக்கணும். காகிதம் ஒவ்வொண்ணும் ஒரு அடி அகலத்துக்கு மேல. தமிழ்நாட்டு வெயில்ல மெழுகு என்ன பாடுபடும்னு யோசிச்சுப் பாருங்க. வானம் படத்துல வெறும் வெளுப்பா விழும்ங்கறதால, மேகத்தை அவரே நெகட்டிவ் மேல வரைஞ்சு சேர்த்திருக்கார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துல இருக்குற கல்வெட்டை 21 படமா எடுத்து ஒட்டி, கிட்டத்தட்ட 19 அடி நீளத்துக்கு ஒரே படமா ஆக்கினார். இன்னிக்கு செல்போன்ல கையை ஒரு சுத்து சுத்தினா வந்துடுது. அன்னிக்கு அது ஒரு தவம்.

அந்தப் படங்களைப் பார்த்தா ஒண்ணு உறுத்தும். கோபுரம் இருக்கு, தெப்பக்குளம் இருக்கு, மண்டபம் இருக்கு, பனைமரம் இருக்கு. ஆள் இல்ல. அபூர்வமா எங்கேயாவது ஒருத்தர் ரெண்டு பேர். மதுரையில, ஸ்ரீரங்கத்துல ஆள் இல்லாத தெருவா? காரணம் என்னன்னா, அந்தக் காகிதத்துல வெளிச்சம் ஏறுறதுக்கு ரொம்ப நேரம் பிடிக்கும். அத்தனை நேரமும் அசையாம நிக்கிறது கல்லு மட்டும்தான். நடந்து போனவன், மாடு ஓட்டினவன், பூ வித்தவ எல்லாரும் கேமராவுக்கு முன்னாடி போய்த்தான் இருக்காங்க, காகிதத்துல மட்டும் விழல. அதோட சர்க்கார் அவரை அனுப்பினதும் கட்டடத்தையும் நாட்டையும் பதிவு பண்ணத்தான். ஜனங்களைப் பத்தி யாரும் கேக்கல. 1859ல் புது கவர்னர் டிரெவெல்யன் வந்து, இதெல்லாம் ஆடம்பரச் செலவுன்னு நிறுத்திட்டார். சரித்திரத்துல சிக்கனம் எங்க வந்து விழுது பாருங்க.

அடுத்து இன்னொரு பட்டாளத்துக்காரர், வில்லோபி வாலஸ் ஹூப்பர். இவர் காலத்துல கேமரா கொஞ்சம் வேகமாயிடுச்சு, மனுஷங்க படத்துக்குள்ள வந்துட்டாங்க. ஆனா வந்த விதம் இருக்கே! 1876லேருந்து 1878 வரைக்கும் தாது வருஷப் பஞ்சம். லட்சக்கணக்குல ஜனம் செத்த பஞ்சம். எங்க பாட்டி அவங்க பாட்டி சொன்னதா, 'தாதுல பொழைச்ச குடும்பம்'னு ஒரு வார்த்தை சொல்லும். அந்தப் பஞ்சத்துல எலும்பும் தோலுமா இருந்தவங்களை வரிசையா உட்கார வெச்சு, நிக்க வெச்சு ஹூப்பர் எடுத்த படங்கள் இப்பவும் இருக்கு. ஒருதடவை பார்த்தா மறக்க முடியாது. நான் பார்த்துட்டு அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுல கையே வைக்கல.

கல்யாண வீட்டுல குரூப் போட்டோவுக்கு உட்கார வைக்கிற மாதிரி உட்கார வெச்சிருக்கார். உயரமானவங்க பின்னாடி, குழந்தைங்க முன்னாடி. யாருக்கும் பேரு இல்ல, ஊரு இல்ல. படம் எடுத்து முடிச்சதும் சோறு போடாம அனுப்பிட்டார்னு அப்பவே சீமைப் பத்திரிகையில கேலி பண்ணியிருக்காங்க. இப்படிப்பட்ட படங்கள் நிவாரண நிதி சேர உதவுச்சுங்கறதும் உண்மை, அதையும் சொல்லணும். ஆனா இதே ஹூப்பர் பத்து வருஷம் கழிச்சு பர்மாவுல, கைதிகளைச் சுட்டுக் கொல்ற அந்த நொடியைப் படம் பிடிக்கணும்னு பார்த்து, அது பெரிய விவகாரமாகி விசாரணை வரைக்கும் போச்சு. மனுஷன் கலையில முன்னேறினாரா, கருவியில மட்டும் முன்னேறினாரான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க.

நடுவுல நிறைய பேரை விட்டுட்டுத் தாண்டுறேன். ஆனா 1950 ஏப்ரல் மாசம் நம்மளுக்கு ரொம்பப் பக்கத்துலயே உலகப் புகழ் பெற்ற ஒருத்தர் இருந்தார்ங்கறது பலருக்குத் தெரியாது. பிரான்சு நாட்டு ஹென்றி கார்த்தியே பிரெசோன். ரமண மகரிஷி உசுர் பிரிஞ்ச ராத்திரி அவர் திருவண்ணாமலையில இருந்தார். வானத்துல நட்சத்திரம் ஒண்ணு நகர்ந்ததைப் பார்த்து மணியை எட்டு நாப்பத்தேழுன்னு குறிச்சு வெச்சார். அடுத்த பத்து நாள்ல பாண்டிச்சேரிக்குப் போய் அரவிந்தரைப் படம் எடுத்தார். வந்தவர் வழியில கொல்லையில மல்லாட்டை பிடுங்குன ஜனத்தையும் கொஞ்சம் எடுத்திருக்கலாம். ஞானிகளைத் தேடி வந்தவர்கிட்ட அதை எதிர்பார்க்கக் கூடாதுதான், இருந்தாலும் ஒரு ஆசை.

என் கொல்லைக்கும் ஒருத்தர் வந்தார், ஏழெட்டு வருஷத்துக்கு முன்னாடி. வெளியூர்க்காரர், கழுத்துல ரெண்டு கேமரா. காலையில பத்து மணிக்கு நான் ஓட்டி முடிச்சு மாட்டை அவுத்துட்டேன். 'ஐயா, சாயங்காலம் அஞ்சரைக்கு வெளிச்சம் நல்லா இருக்கும், திரும்ப ஒரு தடவை ஓட்டுறீங்களா'ன்னு கேட்டார். 'தம்பி, மாட்டுக்கு வெளிச்சம் கணக்கு தெரியாது, வயிறு கணக்குதான் தெரியும்'னேன். சட்டையைக் கழட்டிட்டுத் துண்டு கட்டச் சொன்னார். அதையும் நான் செய்யல. மரியாதையா மோர் குடுத்து அனுப்பினேன். அவர் மேல எனக்குக் கோபம் இல்ல. அவர் மனசுக்குள்ள ஏற்கனவே ஒரு விவசாயி இருந்தான், அந்த ஆளைத் தேடி வந்திருக்கார். அந்த ஆள் என் கொல்லையில இல்ல.

இந்த இடத்துல அமெரிக்காக்காரங்க கதை ஒண்ணு. 1936ல் கலிபோர்னியாவுல பட்டாணி பறிக்கப் போன கூலி ஜனங்க, விளைச்சல் பனியில போய் வேலையில்லாம சோத்துக்கு வழியில்லாம கூடாரத்துல கெடந்தாங்க. டோரதியா லாங்கேன்னு ஒரு அம்மா, அவங்க அரசாங்கத்துக்காகக் கிராமங்களைப் படமெடுத்தவங்க, ஒரு தாயையும் பிள்ளைகளையும் சில நிமிஷத்துல நாலஞ்சு படம் எடுத்துட்டுப் போனாங்க. அதுல ஒண்ணு உலகத்துலயே பிரபலமான படம் ஆயிடுச்சு. படம் பத்திரிகைக்குப் போனதும் அந்த முகாமுக்கு அரசாங்கம் உணவு அனுப்புச்சு, ஆனா அதுக்குள்ள அந்தத் தாய் வேற ஊருக்கு வேலை தேடிப் போயாச்சு. பேரைக்கூடக் கேக்கலன்னு லாங்கேவே பின்னாடி எழுதினாங்க. நாப்பது வருஷம் கழிச்சு 1978ல் தான் அந்தத் தாய், புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன், யாருன்னு வெளியில தெரிஞ்சது. தனக்கு அந்தப் படத்தால ஒண்ணும் கிடைக்கலன்னு வருத்தப்பட்டாங்க. லாங்கே நல்லவங்க, ஏழைங்க மேல அக்கறை உள்ளவங்க, அதுல சந்தேகம் இல்ல. அவங்களே பேரு கேக்காம போயிருக்காங்கன்னா பாத்துக்கங்க.

நம்ம நாட்டுல இந்தப் போக்கை மாத்தினவங்கள்ல எனக்குத் தெரிஞ்சு முக்கியமானவர் பி. சாய்நாத். சென்னையில பொறந்தவர், பத்திரிகையாளர். 1993லேருந்து நாட்டுலயே ரொம்ப ஏழ்மையான மாவட்டங்களுக்குப் போய்த் தங்கி எழுதினார். தமிழ்நாட்டுல ராமநாதபுரம், புதுக்கோட்டை. பஸ், லாரி, படகுன்னு கிடைச்சதுல எல்லாம் போய், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்தும் போனார். அந்தக் கட்டுரைகள் 1996ல் புத்தகமா வந்துச்சு. புதுக்கோட்டையில அறிவொளி இயக்கத்தால பெண்கள் சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டதை அவர் எழுதினது நிறைய பேர் படிச்சது.

அவர் கையில கேமராவும் இருந்துச்சு. எழுத்துக்குத் துணையா எடுத்த படங்களைப் பரப்பிப் பார்த்தா, எல்லாத்துலயும் பொம்பளைங்க வேலை செஞ்சுக்கிட்டே இருக்காங்க. நாத்து நடுறாங்க, செங்கல் சுமக்குறாங்க, தண்ணி தூக்குறாங்க, மாடு பாக்குறாங்க. அதையெல்லாம் சேர்த்துப் பெண்களோட கண்ணுக்குத் தெரியாத உழைப்பைப் பத்தி ஒரு கண்காட்சி ஆக்கினார். அதைப் பெரிய ஊர் கலைக்கூடத்துல மட்டும் வைக்காம, தொழிற்சாலை வாசல்லயும் பஸ் நிலையத்துலயும் கிராமத்துலயும் கொண்டுபோய் வெச்சார். படத்துல இருக்குற மாதிரி ஜனங்களே வந்து பார்த்தாங்க. அதுல ஒரு படம் என் மனசுல நிக்குது. வயல்ல பொம்பளைங்க வரிசையா குனிஞ்சு வேலை செய்யுறாங்க, நிலத்துச் சொந்தக்காரர் மட்டும் நிமிர்ந்து நிக்குறார். அவ்வளவுதான் படம். நான் முப்பது வருஷமா வரப்புல நின்னு பாக்குற காட்சிதான். நாத்து நடவுக்கு ஆள் விட்டுட்டு நானும் அப்படித்தான் நிமிர்ந்து நிப்பேன், எல்லா ஆம்பளையும் அப்படித்தான் நிக்குறோம். சாயங்காலம் நடவு முடிச்சுட்டு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிமிருற பொம்பளைங்க அப்புறம் வீட்டுக்குப் போய் அடுப்புக்கு முன்னாடி திரும்பக் குனிவாங்க.

சாய்நாத் 2014 டிசம்பர்ல 'பாரி'ன்னு ஒரு இணையதளம் ஆரம்பிச்சார். கிராமத்து இந்தியாவுக்கு ஒரு ஆவணக் களஞ்சியம். தமிழ்லயும் படிக்கலாம். அதுல என்னைப் பிடிச்சுக்கிட்டது, படம் எதுவானாலும் அதுல இருக்குறவங்க பேரு, ஊரு, என்ன வேலை, எவ்வளவு கூலின்னு இருக்கும். ஹூப்பர்கிட்ட இல்லாத ஒரு வரி அது.

அந்தத் தளத்துல படமெடுக்குறவர்தான் பழனி குமார். மதுரைக்காரர், ஜவஹர்லால்புரம். அவங்க அம்மா மதுரை கரிமேட்டுல மீன் வித்து வளர்த்தவங்க. திவ்யபாரதி இயக்கி 2017ல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு பண்ணினவர் இவர்தான். மலக்குழியில இறங்கிச் செத்தவங்க வீடு வீடா போய் எடுத்த படம் அது. பார்க்கிறதுக்கே தைரியம் வேணும், எடுக்குறதுக்கு எவ்வளவு வேணும்!

அந்த வேலை ஒரு மனுஷனை ரெண்டுல ஒண்ணு பண்ணியிருக்கும். மரத்துப் போக வெச்சிருக்கும், இல்ல உடைச்சுப் போட்டிருக்கும். இவர் போன வழி வேற. தூய்மைப் பணியாளர் குடும்பத்துக் குழந்தைகளைப் படமெடுத்து, 'நானும் ஒரு குழந்தை'ன்னு பேரு வெச்சுக் கண்காட்சியா வெச்சார். சாவு வீட்டுக்குள்ள போன அதே கேமரா, அந்த வீட்டுப் பிள்ளை சிரிக்கிறதையும் காத்திருந்து எடுத்துச்சு. அப்புறம் ராமநாதபுரம் கடலோரத்துல விரல்ல துணி சுத்திக்கிட்டு முங்கிப் பாசி எடுக்குற பெண்கள், தூத்துக்குடி உப்பளத்து ஜனங்கன்னு போனார்.

நம்ம கடலூருக்கும் வந்தார். கடலூர் முதுநகர் துறைமுகம் நமக்குத் தெரியாததா? வாரத்துல ஒருநாள் நெத்திலியோ சங்கராவோ வாங்கப் போவோம். அங்க மீன் வெட்டுற பொம்பளைங்க பக்கத்துல, வெட்டிப் போட்ட தலை, செதிள், இறால் ஓடு எல்லாத்தையும் பொறுக்கிச் சேர்த்துக் கோழித் தீவனத்துக்கு வித்துப் பொழைக்குற, வயசான ஒரு ஆயாவைப் பத்தி அவர் எழுதிப் படமும் போட்டிருக்கார். நான் எத்தனையோ தடவை மீன் பையோட அந்தத் துறைமுகத்துல நடந்திருக்கேன். வாடை தெரியும், விலை தெரியும். கழிவுன்னு நாம மிதிச்சுக்கிட்டுப் போறதுல ஒரு குடும்பம் நடக்குதுன்னு அந்தப் படத்துலதான் தெரிஞ்சுது. அந்த ஆயா முகத்துல பரிதாபம் கேக்குற பாவனை கொஞ்சமும் இல்ல. வேலைக்காரியோட முகம். வேலையில கவனமா இருக்குறவங்க நம்மளை நிமிர்ந்து ஒரு தடவை பாப்பாங்களே, அப்படி.

மீன் வித்த அம்மாவோட பிள்ளைக்கு அந்த முகம் எங்கேயிருந்து பழக்கம்னு கேக்கணுமா? பின்னாடி தன் அம்மாவையே அவர் படமெடுத்து எழுதினதைப் படிச்சேன். அதுக்குப் பிறகு கடலூர்ப் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். டிரைப், ஹூப்பர், பிரெசோன் எல்லாரும் வெளியிலேருந்து உள்ள பார்த்தவங்க. இவர் உள்ளேயிருந்து பார்க்கிறார். திறமை, கருவி, பயிற்சி எல்லாம் அவங்ககிட்டயும் இருந்துச்சு, ஒருவேளை அதிகமாவே இருந்துச்சு.

2022ல் பெரிய புகைப்படக் கலைஞர் தயானிதா சிங், தனக்குக் கிடைச்ச ஹாசல்பிளாட் விருதை ஒட்டி பாரியோட சேர்ந்து ஒரு விருது உண்டாக்கினாங்க. முதல் விருது பழனி குமாருக்கு. அவரு அதோட நிக்கல. மீனவர், தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைங்க கையில கேமராவைக் குடுத்துச் சொல்லிக் குடுக்குறார். வடசென்னைப் பிள்ளைங்க தங்க தெருவைத் தாங்களே எடுத்த படங்கள் கண்காட்சிக்கு வந்துச்சு.

இப்ப நம்ம பக்கத்துக்கு வருவோம். 2023 ஜூலை கடைசியில வளையமாதேவியில, பரவனாத்துக்கு மாத்து வழி வெட்டுறதுக்காகப் பச்சை நெல்லுக்குள்ள மண்வாரி எந்திரம் இறங்கின காட்சி நாடு பூராவும் போச்சு. நிலம் ஏற்கனவே எடுத்தாச்சுன்னு கம்பெனி தரப்பு சொல்லுச்சு, பயிர் அறுக்குற வரைக்கும் பொறுக்கக்கூடாதான்னு விவசாயிங்க கேட்டாங்க. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனப்போ, அந்தக் காட்சியைப் பார்த்து மனசு கலங்கினதா நீதிபதியே சொன்னார். யார் பக்கம் என்ன நியாயம்னு பேச இது இடம் இல்ல. நான் சொல்ல வர்றது படத்தைப் பத்தி. ஒரு படத்துக்கு அவ்வளவு பலம் இருக்கு. அதே சமயம் அந்தப் படங்கள்ல நெல்லு தெரிஞ்சுது, எந்திரம் தெரிஞ்சுது, அந்த நெல்லை விதைச்சவங்க எத்தனை பேர் முகமும் பேருமா நமக்கு ஞாபகம் இருக்காங்க? கேமரா கூட்டமா வந்துச்சு, கூட்டமா போயிடுச்சு. செய்திக்காரங்களைக் குத்தம் சொல்லல, அவங்களுக்கு அடுத்த நாள் அடுத்த ஊர். ஆனா ஒரு ஊரை அது இருக்கும்போதே, ஒண்ணும் நடக்காத சாதாரண செவ்வாய்க்கிழமையில எடுத்து வைக்க யாராவது வேணும். வில்லுடையான்பட்டுக்கு அப்படி ஒருத்தர் இருந்திருந்தா காவடி தூக்குறப்போ நான் பிள்ளைங்களுக்குக் காட்டியிருப்பேன், இதுதான் ஊரு, இதுதான் குளம்னு.

எங்க அண்ணன் மகன் விருத்தாசலத்துல படிச்சுட்டு வந்து செகண்ட் ஹேண்ட்ல ஒரு கேமரா வாங்கியிருக்கான். முதல் ரெண்டு மாசம் மயிலும் சூரியனுமா எடுத்தான். 'டேய், மயிலு எல்லா ஊர்லயும் இருக்கு'ன்னு சொல்லி, இந்தக் கதையெல்லாம் அவன்கிட்ட சொன்னேன். ஒரு நோட்டு வாங்கிக் குடுத்தேன். படம் எடுத்தா நம்பர் போட்டு, யாரு, எந்தத் தெரு, என்ன வேலை, என்னிக்கு எடுத்ததுன்னு எழுதணும். பிரிண்ட் போட்டு அவங்க கையில ஒண்ணு குடுக்கணும். செலவு என்னோடது, ஒரு மூட்டை முந்திரிக்கொட்டை வித்தா தாராளமா ஆகும்.

கம்மாளர் பட்டறை, பனங்கள்ளு இறக்கினதை நிறுத்திட்ட பெரியவர், பொங்கல் பானை செய்யுற குயவர் வீடு, பாதி தூர்ந்து போன எங்க கவலைக் கிணறு எல்லாம் எடுத்தாச்சு. முந்திரிக்கொட்டை உடைக்குற கொட்டகைக்குப் போனப்போதான் ஒரு பேச்சு வந்துச்சு. பண்ருட்டிப் பக்கம் இருக்குறவங்களுக்குத் தெரியும், அந்த ஓட்டு எண்ணெய் பட்டா கை கருத்துத் தோல் உரிஞ்சுடும். சாம்பலைப் பூசிக்கிட்டுத்தான் உடைப்பாங்க, அப்பவும் விரல் கருத்துக் கெடக்கும். எங்க தெரு அக்கா ஒருத்தர் முப்பது வருஷமா அந்த வேலை. படம் எடுக்கணும்னதும் போய் முகம் கழுவி, பூ வெச்சுக்கிட்டு வந்து, முந்தானைக்குள்ள ரெண்டு கையையும் மறைச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க.

'அக்கா, கைதானே படம், வெளியில எடுங்க'ன்னேன் நான்.

'கை வேணாம் தம்பி. பேரன் பாப்பான்.'

பையன் என்னைப் பார்த்தான். அப்புறம் ஒண்ணும் சொல்லாம முந்தானையோட எடுத்துட்டான். அந்தக் கை படத்துல இருந்திருக்கணும்னு எனக்கு இப்பவும் தோணுது. பையன் இல்லங்கறான், வாக்குவாதம் இன்னும் முடியல. நோட்டுல அவங்க பேரு, வேலை, எத்தனை வருஷம் உடைக்குறாங்க, கிலோவுக்கு என்ன கூலி எல்லாம் அவங்களே சொல்லச் சொல்ல எழுதியிருக்கான். பிரிண்ட் போன வெள்ளிக்கிழமை குடுத்தோம். மூக்குத்தி தெரியுதான்னு வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்துட்டு, உள்ள கொண்டுபோய் ரேஷன் கார்டு வெச்சிருக்குற டப்பாவுல போட்டு மூடினாங்க.